அந்த வளைவு யார் பக்கம்?

வரைபடம் வரைகிறவனுக்குச் சொந்தமாக ஒரு சென்ட் நிலம் இருக்காது. ஆனால் ஊரான் எல்லைக்கெல்லாம் பேச்சு வாங்குகிறவன் அவன்தான். மவுஸைப் பிடித்துப் பிழைக்கும் சக பாவிகளே, பாளையங்கோட்டையில் டிசைன் கடையில் கிடந்து நான் படும் பாட்டைக் கேளுங்கள்.

ஒற்றுமையாகப் பிரிகிறார்கள்

சேரன்மகாதேவியிலிருந்து அண்ணன், தம்பி இருவர் வந்தார்கள். அப்பாவின் வயலை இரண்டாகப் பிரிக்கப் பேசி முடித்தாயிற்றாம். நடுவில் பிறந்த தங்கை, தனக்குப் பங்கு வேண்டாமென்று போட வேண்டிய கையெழுத்து மட்டும்தான் பாக்கியாம். பத்திரத்துக்கு சர்வேயர் படம் இருக்கிறது. எங்களிடம் கேட்டது வீட்டில் மாட்ட ஒரு வண்ணப் படம்.

நடுவில் நேர்கோடு போட்டுக் காட்டினேன். அண்ணன்காரருக்கு மூக்குக்கு மேல் கோபம். "என்ன வே, சுவரு எழுப்புன மாதிரி இருக்கு? நாங்க ஒத்துமையாத்தான் பிரியுதோம். அழகா அலை அலையாப் போடும்!"

இரண்டு பேர், ஒரு கோடு

அலைக்கோடு என்றால் லேசா? அண்ணன் வயலுக்கு ஒன்று, தம்பி வயலுக்கு ஒன்று என்று தனித்தனியாக வளைத்தால், ஓரிடத்தில் ஒன்றின் மேல் ஒன்று ஏறும். இன்னோரிடத்தில் வெள்ளை இடைவெளி பல்லிளிக்கும். ஒரே கோட்டை வளைத்து அதையே இரண்டுக்கும் எல்லையாக ஒட்ட வேண்டும். கண் பூத்துப்போக அரை நாள் ஒட்டினேன். முதலாளி பின்னால் வந்து நின்று பார்த்தார். பாராட்டுவார் என்று நினைத்தேன், என் புத்தியைச் சொல்ல வேண்டும். "ஆளு ரெண்டு, கோடு ஒண்ணுதானா? இன்னொண்ணக் காணோம்னு சண்டைக்கு வந்தா நீருதாம் பதில் சொல்லணும்."

நீலம் கொடுத்த குற்றம்

கோட்டுக்கு நீல வண்ணம் கொடுத்தது என் தப்புதான். கல்யாண பேனருக்காகக் காத்திருந்த ஏரல்காரர் ஒருவர் எட்டிப் பார்த்துக் கொதித்துவிட்டார். "எங்க ஊருக்கே தண்ணி வந்து சேர மாட்டேங்கு. நீரு இங்கன நடுவயல்ல புதுசா ஆறு ஓட விட்டிருக்கீரு!"

வளைவுக் கணக்கு

மறுநாள் சகோதரர்கள் வந்தார்கள், பத்திர ஆபீசுக்குப் போகும் வழியில் தங்கையையும் கூட்டிக்கொண்டு. அண்ணன்காரர் படத்தில் விரல் வைத்து, "இங்கன ஒரு வளைவு எனக்குள்ள வருதுல்லா?" என்றார். "அங்கன எனக்குள்ளயும்தான் வருது" என்று தம்பி எகிறினார். ஒரு பக்கம் புடைத்தால் மறுபக்கம் குழியும், பரப்பு குண்டுமணியளவும் மாறாது என்று தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னேன். யார் கேட்டார்? காகிதத்தில் உள்ள நெளிவுக்கு இந்தக் குதி! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

கூட வந்திருந்த தங்கை, கையெழுத்துப் போட வேண்டிய பத்திரத்தை மடித்துப் பைக்குள் வைத்தார். "விரக்கடை அகல வளைவ ரெண்டு பேரும் விட்டுக்குடுக்க மாட்டிய, நான் மட்டும் வயலையே விட்டுக்குடுக்கணுமாக்கும்? கையெழுத்துப் போட மாட்டேன். அண்ணாச்சி, படத்த மூணா வரைங்க!"

மூன்று வயலுக்கு அலைக்கோடு இரண்டு. இந்தத் தொழிலில் இரட்டிப்புத் தலைவலியை நான் மனதார வாங்கிக்கொண்டது அந்த ஒரு நாள்தான்.