கிராங்க் புல்லி மாற்றிய ஞாயிறு

சனிக்கிழமை ஷிப்ட் முடிந்து ராணிப்பேட்டையிலிருந்து ஆற்காட்டுக்குத் திரும்பிக்கொண்டிருந்தேன். பாலாற்றுப் பாலத்தில் ஏறியதும் காரின் முன்பக்கத்திலிருந்து கீச்சென்று ஒரு சத்தம் கிளம்பியது. டேஷ்போர்டில் பேட்டரி விளக்கு சிவப்பாக எரிந்தது. ரப்பர் கருகும் வாடையும் வந்தது. நான் கார் ஓட்டக் கற்று அப்போது ஐந்து மாதம்தான் ஆகியிருந்தது. பாலத்தில் நிறுத்த பயம். பல்லைக் கடித்துக்கொண்டு வீடு வரை ஓட்டி வந்துவிட்டேன்.

வாசலில் நின்றிருந்த என் கணவர் சத்தத்தைக் கேட்டதுமே, "ஆஃப் பண்ணு, ஆஃப் பண்ணு" என்று கை காட்டினார். பானெட்டைத் திறந்து, டார்ச் அடித்துப் பார்த்து, இரண்டு நிமிடத்தில் சொல்லிவிட்டார்.

"கிராங்க் புல்லி போயிடுச்சு."

இன்ஜினின் ஓரத்தில், சக்கரத்துக்குப் பின்னால் மறைந்திருக்கும் ஒரு இரும்புத் தட்டு அது. இன்ஜின் சுற்றும்போது அதுவும் சுற்றும். அதன் மேல் ஓடும் பெல்ட்தான் பேட்டரிக்குச் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரையும் தண்ணீர் பம்ப்பையும் சுற்றவைக்கும். புல்லியின் நடுப்பகுதிக்கும் வெளி வளையத்துக்கும் இடையில் ஒரு ரப்பர் இருக்குமாம். அது பிய்ந்து, வளையம் தனியாக ஆடிக்கொண்டிருந்தது.

"இப்படியே ஓட்டலாமா? திங்கட்கிழமை அப்பாவைக் கூட்டிட்டுப் போகணுமே" என்றேன்.

"பெல்ட் கழண்டா பம்ப்பு நின்னுடும். இன்ஜின் சூடாகி வழியிலயே உக்காந்துக்கும். வேணாம்."

என் அப்பா திமிரியில் இருக்கிறார். வேலூரில் அவருக்குக் கண் ஆபரேஷன் ஆகி, திங்கட்கிழமை காலை டாக்டர் பார்க்க வரச் சொல்லியிருந்தார். தூசியில், கூட்டத்தில், பஸ்ஸில் கூட்டிப்போகக் கூடாது என்று ஆபரேஷன் அன்றே எச்சரித்திருந்தார்கள். தெருமுனை மெக்கானிக்குக்கு போன் போட்டால், தங்கை கல்யாணத்துக்கு நெமிலி போயிருக்கிறார், புதன்கிழமைதான் வருவாராம்.

அன்று மாலையே இருவரும் உதிரிபாகக் கடைக்குப் போனோம். "கம்பெனி பீஸ் வேணும்னா நாலு நாள் ஆவும். வேற மேக் ஒண்ணு இருக்குது, இப்பவே எடுத்துக்கலாம்" என்றார் கடைக்காரர். கறுப்பு பெயின்ட் பளபளக்கும் ஒரு புல்லியை எடுத்து வைத்தார். என் கணவர் அதை இடது கையில் வாங்கி, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கடைக்காரர் இரண்டு பேருக்கு வேறு சாமான் எடுத்துக் கொடுத்து முடிக்கும் வரை பார்த்தார்.

"போடலாம்" என்றார்.

யார் போடுவது என்று நானும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

அவர் பதினேழு வருடம் தோல் தொழிற்சாலையில் மெயின்டனன்ஸ் ஃபிட்டராக இருந்தவர். பெரிய மர டிரம்களின் கியர் பாக்ஸைக் கழற்றி மாட்டுவதுதான் வேலை. எட்டு மாதத்துக்கு முன்னால் வேகத்தடையில் கொட்டியிருந்த மணலில் பைக் சறுக்கி, வலது மணிக்கட்டு உடைந்தது. பிளேட் வைத்தார்கள். எலும்பு கூடிவிட்டது. ஆனால் கையில் பிடிமானம் வரவில்லை. தொழிற்சாலையில் அவரை ஸ்டோருக்கு மாற்றினார்கள். மற்ற ஃபிட்டர்கள் வந்து கேட்கும் பேரிங்கையும் போல்டையும் எடுத்துக் கொடுக்கும் இடம் அது. யார் கேட்டாலும், "கை சரியாப் போச்சு, பலம்தான் கொஞ்சம் கம்மி" என்பார். என்னிடமும் அதையேதான் சொல்லியிருந்தார். வீட்டில் இருந்த டூல் பெட்டியை அந்த எட்டு மாதத்தில் அவர் ஒரு முறைகூடத் திறந்து நான் பார்க்கவில்லை. கார் ஓட்ட நான் கற்றுக்கொண்டதும் அந்த விபத்துக்குப் பிறகுதான்.

ஞாயிற்றுக்கிழமை சர்ச் முடிந்து வந்ததும் உடை மாற்றிக்கொண்டு, டூல் பெட்டியோடு இருவரும் வாசலில் இறங்கினோம். பின்சக்கரத்துக்குக் கல் வைக்கச் சொன்னார். ஜாக்கியைப் போட்டுத் தூக்கினேன். "ஜாக்கிய மட்டும் நம்பாத" என்று அடியில் இரும்பு ஸ்டாண்டையும் வைக்கச் சொன்னார். வலது முன்சக்கரத்தைக் கழற்றி, உள்ளே இருந்த பிளாஸ்டிக் மறைப்பையும் எடுத்த பிறகு புல்லி தெரிந்தது. பெல்ட்டின் ஓரம் நார் நாராகக் கிழிந்திருந்தது. புதுப் பெல்ட்டும் சேர்த்தே வாங்கி வந்திருந்தோம்.

அவர் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து சொல்லச் சொல்ல நான் செய்தேன். பெல்ட்டைத் தளர்த்திக் கழற்றும் வரை, முதல் அரை மணி நேரம் நன்றாகவே போனது. பிறகு, புல்லியைப் பிடித்திருக்கும் நடு போல்ட்டில் சண்டை வந்தது.

"அப்படிப் புடிக்காத. இன்னும் உள்ள தள்ளு. உள்ள தள்ளுன்னா?"

"தள்ளிட்டுதான் இருக்கறேன்."

"எங்க தள்ளுற? போல்ட் தலையே மழுங்கிடும் போல."

"இன்னாங்க, நான் இன்னா ஃபிட்டரா? ஷூ கம்பெனியில தோல் பாக்கறவ. மெதுவாச் சொன்னா இன்னா கொறஞ்சா போவுது?"

அவர் எழுந்து வந்தார். "விடு, நான் பண்றேன்" என்று ஸ்பேனரை வாங்கினார். வலது கையைச் சும்மா மேலே வைத்துக்கொண்டு இடது கையால் இழுத்தார். நடு போல்ட் அசையவில்லை. மறுபடி இழுத்தபோது ஸ்பேனர் நழுவி, விரல் முட்டி இரும்பில் இடித்தது. ஸ்பேனரைத் தரையில் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

நான் வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டாவது ஆராதனை முடிந்து திரும்பும் பக்கத்து வீட்டு அக்கா, "இன்னாம்மா, வண்டி ரிப்பேரா?" என்று கேட்டுவிட்டுப் போனார். உள்ளே போய்ச் சமாதானம் பேசலாமா என்று நினைத்தேன். என்ன பேசினாலும் அவருக்கு அது பரிதாபம் காட்டுவதாகத்தான் படும் என்று தோன்றியது. அதனால் வெளியிலிருந்தே கத்தினேன்.

"பிரேக்க மிதிக்க ஒரு ஆள் வேணும். வர்றீங்களா, இல்ல அக்காவைக் கூப்பிடட்டுமா?"

அவர் வந்து, என்னைப் பார்க்காமல் டிரைவர் சீட்டில் ஏறி உட்கார்ந்தார். கியரை ஐந்தில் போட்டு, பிரேக்கை மிதித்துக்கொண்டார். அப்போதுதான் இன்ஜின் சுற்றாமல் நிற்குமாம். நான் ஸ்பேனர் பிடியில் ஒரு நீளமான பைப்பைச் செருகி, நுனியில் கால் வைத்து அழுத்தினேன்.

"குதிக்காத. உடம்பு கனத்தை மட்டும் கொடு" என்று உள்ளேயிருந்து குரல் வந்தது.

கனத்தைக் கொடுத்தேன். டக் என்று பெரிய சத்தம். எதையோ உடைத்துவிட்டேன் என்று எனக்கு உயிரே போய்விட்டது.

"அதான்! கழண்டுச்சு!" என்றார். அந்தக் குரலில் கோபம் இல்லை.

பழைய புல்லி கையோடு வந்துவிட்டது. இன்ஜினிலிருந்து நீட்டிக்கொண்டிருந்த தண்டைத் துணியால் துடைத்தேன். அதில் கட்டை விரல் நகம் அளவுக்கு ஒரு இரும்புத் துண்டு பதிந்திருந்தது. புல்லியின் துளையில் அதற்கேற்ற காடி ஒன்று வெட்டியிருக்கும். அந்தத் துண்டு இந்தக் காடிக்குள் நுழைந்து உட்கார்ந்தால்தான் புல்லி வழுக்காமல் சுற்றும். புதுப் புல்லியை எடுத்து, இரண்டையும் நேர் பார்த்துத் தள்ளினேன். பாதியில் நின்றுவிட்டது. திருப்பி எடுத்து மறுபடி தள்ளினேன். அதே இடத்தில் நின்றது.

"சுத்தியல்ல லேசாத் தட்டட்டுமா?"

"ஐயோ, தட்டவே கூடாது. கொடு இப்படி." அவர் இறங்கி வந்து புல்லியை வாங்கினார். துளைக்குள் வலது கை ஆட்காட்டி விரலை விட்டு, காடியின் ஓரமாக மேலும் கீழும் தடவிப் பார்த்தார். கண்ணை மூடிக்கொண்டு தடவினார். பழைய பழக்கம் அது.

"சுத்தமாத்தான் இருக்குது. ஒண்ணும் தட்டுப்படல. நீதான் கோணலா தள்ளுற."

நான் வாங்கி மாட்டப் போனேன். காடியின் ஓரத்தில் சிவப்பாக ஏதோ ஒட்டியிருந்தது. தண்டிலிருந்து ஒட்டிய கிரீஸா என்று பார்த்தேன். கிரீஸ் இல்லை. என் கையைத் திருப்பிப் பார்த்தேன். எனக்கு அடிபடவில்லை. நிமிர்ந்து அவர் கையைப் பார்த்தேன். ஆட்காட்டி விரல் நுனியில் ஒரு கோடு போட்ட மாதிரி வெட்டியிருந்தது. இரத்தம் விரல் வழியாக இறங்கி உள்ளங்கைக்கு வந்துவிட்டது. அவர் அதைத் தெரிந்துகொள்ளாமல் பெல்ட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

என் விரலைத் துளைக்குள் விட்டேன். என் வேலையே விரலால்தான். ஷூவுக்கு வெட்ட வரும் ஒவ்வொரு தோலையும் மேசையில் விரித்து, கீறல், பூச்சிக் கடி, தளர்ந்த இடம் எல்லாவற்றையும் தடவித்தான் கண்டுபிடிப்பேன். காடியின் ஓரத்தில் ஒரு பிசிறு இருந்தது. கத்தி முனை மாதிரி. தெரியாமல் போக வாய்ப்பே இல்லை.

நான் நிமிர்ந்தபோது அவர் தன் கையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு என்னைப் பார்த்தார். எனக்குத் தெரிந்துவிட்டது என்று அவருக்கும் தெரிந்துவிட்டது.

"ரெண்டு விரல்லயும் ஒண்ணும் தெரியறதில்ல" என்றார் மெதுவாக. "இதுலயும், நடு விரல்லயும்."

"எப்ப இருந்து?"

"அடிபட்டதுல இருந்தே."

நான் உள்ளே போய், தண்ணீரும் துணியும் எடுத்து வந்தேன். விரலைக் கழுவிக் கட்டினேன். இறுக்கிக் கட்டும்போது, "வலிக்குதா?" என்று வாய் தவறிக் கேட்டுவிட்டேன். அவர் சிரித்துவிட்டார். எனக்குத்தான் அழுகை வந்தது. கிரீஸ் கையால் கண்ணைத் துடைத்து, கண் எரிந்து, அது வேறு பேஜார்.

"சரி, சொல்லு" என்றார் கொஞ்ச நேரம் கழித்து. "பிசிறு எப்படி இருக்குது? ஓரம் பூரா இருக்குதா, ஒரு இடத்துல மட்டும்தானா?"

"ஒரு பக்கம்தான். வாய்ல இருந்து பாதி வரைக்கும்."

"துளை உள்பக்கம்?"

தடவினேன். "பெயின்ட் திட்டுத் திட்டா காஞ்சிருக்குது. நம்ம மட்டமான ஃபினிஷிங் தோல்ல கலர் கட்டிக்கும் பாருங்க, அந்த மாதிரி."

"அதான் விஷயம். சின்ன அரம் எடு. உப்புத்தாளும் எடு. பிசிறை மட்டும் எடுக்கணும், காடி அகலமாயிடக் கூடாது. ரெண்டு இழுப்பு, அப்புறம் தடவிப் பாரு. மறுபடி ரெண்டு இழுப்பு."

அப்படியே செய்தோம். நான் அரத்தால் ராவி, தடவி, சொல்வேன். அவர் கேட்டுவிட்டு, போதும் என்பார், அல்லது இன்னும் என்பார். வெயில் ஏறி வாசல் சுட ஆரம்பித்துவிட்டது. ஒரு பழைய போர்வையைக் காரின் மேலிருந்து வாசல் இரும்புக் கேட்டுக்குக் கட்டி நிழல் செய்தார். அதை அவர் பல்லையும் இடது கையையும் வைத்து முடிச்சுப் போட்டதை நான் பார்க்காத மாதிரி இருந்தேன்.

ஐந்தாவது முறை தள்ளியபோது புல்லி வழுக்கிக்கொண்டு உள்ளே போய் உட்கார்ந்தது. அவர் மறுபடி பிரேக்கை மிதிக்க, நான் டார்க் ஸ்பேனரால் போல்ட்டை இறுக்கினேன். சரியான இறுக்கம் வந்ததும் அது கிளிக் என்று சொல்லும். சொன்னது. பெல்ட்டை மாட்டி, கட்டை விரலால் அழுத்திப் பார்த்து இழுவையைச் சரி செய்தோம்.

ஸ்டார்ட் செய்யும்போது என்னைத் தள்ளி நிற்கச் சொன்னார். கீச்சொலி இல்லை. புல்லி ஆடாமல், ஒரே கோட்டில் சுற்றியது. இருவரும் குனிந்து, தேவைக்கு மேலேயே ஜாஸ்தி நேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தோம்.

திங்கட்கிழமை அப்பாவை வேலூருக்குக் கூட்டிப்போனோம். டாக்டர் நன்றாக இருக்கிறது என்றார். திரும்பும்போது அப்பா பின்சீட்டில் கறுப்புக் கண்ணாடியோடு தூங்கிவிட்டார். நான் ஓட்டிக்கொண்டே மெதுவாகக் கேட்டேன், ஏன் யாரிடமும் சொல்லவில்லை என்று.

"விரல் தெரியலன்னு சொன்னா மறுபடி மெயின்டனன்ஸுக்கு எடுக்க மாட்டாங்க. வந்துடும், வந்துடும்னு பார்த்தேன்" என்றார். கொஞ்ச தூரம் போனதும், "கைக்கு பிளேட் வெச்ச டாக்டர் கேட்டப்பவும் தெரியுதுன்னுதான் சொன்னேன்" என்றார்.

அந்த வாரமே நரம்பு டாக்டரிடம் போனோம். அவர் கண்ணை மூடச் சொல்லி, பஞ்சாலும் ஊசி முனையாலும் ஒவ்வொரு விரலாகத் தொட்டு, "தெரியுதா?" என்று கேட்டார். சுண்டு விரல், மோதிர விரல் எல்லாம் தெரிந்தது. நடு விரலைத் தொட்டதும் என் கணவர் கொஞ்சம் தயங்கினார்.

"தெரியல, டாக்டர்" என்றார்.

முன்னாடியே வந்திருக்கணும் என்று டாக்டர் கடிந்துகொண்டார். பிறகு மணிக்கட்டில் நரம்பு அழுத்தப்பட்டிருப்பதாகச் சொல்லி, ஒரு சின்ன ஆபரேஷன் செய்தார். இப்போது நடு விரலில் சூடும் குளிர்ச்சியும் தெரிகிறது. ஆட்காட்டி விரல் நுனி இன்னும் மரத்துத்தான் இருக்கிறது. இனி வருமா என்று டாக்டரும் உறுதியாகச் சொல்லவில்லை. என் கணவர் இன்னும் ஸ்டோரில்தான் இருக்கிறார். ஆனால் எது வலிக்கிறது, எது வலிக்கவில்லை என்று இப்போதெல்லாம் நான் கேட்பதற்கு முன்பே சொல்லிவிடுகிறார்.