நாற்பது பேருக்குச் சொன்ன விலை

லிஃப்ட்காரர் விலை கேட்காமல் வாங்கிய பொருள் இந்த உலகத்தில் ஒன்றுகூடக் கிடையாது என்று அவர் மனைவி அடித்துச் சொல்வார். கேட்பதோடு விட்டால் பரவாயில்லை. இந்தக் கடையில் கேட்டு, அடுத்த கடையில் கேட்டு, அங்கே சொன்னதை இங்கே வந்து சொல்லி, இங்கே இறங்கியதை அங்கே போய்ச் சொல்லி, கடைசியில் கடைக்காரரே "எடுத்துட்டுப் போங்க சார், ஆளை விடுங்க" என்று அலுத்துக்கொண்ட பிறகுதான் பையை விரிப்பார். அந்த நேரம் முழுக்க மனைவி நாலு கடை தள்ளி நின்று, யாருடனும் வராதவர் மாதிரி எதையாவது வேடிக்கை பார்த்துக்கொண்டிருப்பார்.

லிஃப்ட் பழுது பார்ப்பது அவர் தொழில். ஊரிலுள்ள உயரமான கட்டடங்கள் எல்லாவற்றிலும் அவர் கைபடாத கம்பி இல்லை. ஆனால் எந்தக் கட்டடத்திலும் முன்வாசல் வழியாக நுழைந்தவர் இல்லை. பின்பக்கம் குப்பைத்தொட்டிகளைத் தாண்டிப் போய், அடித்தளக் குழிக்குள் இறங்கி, நகக்கண்ணில் எண்ணெய்க் கறுப்போடு மேலே வருவார். லிஃப்ட் பாதியில் நின்று யாராவது உள்ளே மாட்டிக்கொண்டால், கதவில் வாயை வைத்து, "பயப்படாதீங்க, நான் வந்துட்டேன், கொஞ்ச நேரந்தான்" என்பார். கனமான, நிதானமான குரல். உள்ளே அழுதுகொண்டிருப்பவர்கள் அதைக் கேட்டதும் அடங்கிவிடுவார்கள். கதவு திறந்ததும் அவர் முகத்தைக்கூடப் பார்க்காமல் ஓடுவார்கள். அவரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்டதில்லை.

வாழ்நாளில் அவர் விடுமுறைக்கென்று எங்கும் போனது கிடையாது. மகள் பல் மருத்துவமனை ஒன்றில் வேலைக்குச் சேர்ந்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்து வைத்துவிட்டு, ஒரு நாள் சாப்பாட்டு மேசையில் பேச்சை எடுத்தாள்.

"அப்பா, நாம மூணு பேரும் ஒரு காட்டுப் பக்கம் போறோம். செலவு என்னோடது. நீங்க மூச்சு விடக் கூடாது."

"போலாமே. எந்தக் காடு?"

இரண்டு இடங்களை அவள் பார்த்து வைத்திருந்தாள். ஒன்று மலைமேல் காடு; பனி இறங்கும், நடந்தால் அருவி வரும். இன்னொன்று ஏரிக்காடு, தீவு தீவாக மரங்கள், விடுதிக்குப் படகில்தான் போக வேண்டும். இரண்டும் அவளுக்குப் பிடித்திருந்தன. எது கட்டுப்படியாகும் என்பதில்தான் குழப்பம்.

"அதை என்கிட்ட விடு" என்றார் லிஃப்ட்காரர். அவர் முகத்தில் வந்த வெளிச்சத்தைப் பார்த்து மனைவி பெருமூச்சு விட்டார்.

மேலோட்டமாகப் பார்த்தால் மலைதான் மலிவு. அறை வாடகை ஏரியில் கேட்டதில் பாதி. ஆனால் அவரா மேலோட்டமாகப் பார்ப்பவர்? துருவித் துருவிக் கேட்டார். அடிவாரத்திலிருந்து ஜீப்புக்குத் தனி. வெந்நீருக்குத் தனி. கம்பளிக்குத் தனி. அருவிக்கு வழிகாட்டி இல்லாமல் விட மாட்டார்கள், அவருக்கும் தனி. எல்லாம் கூட்டினால் மலைச் செலவு மெல்ல மெல்ல ஏரியை எட்டிப் பிடித்தது. ஏரிக்கோ ரயில் செலவு அதிகம் என்றாலும், படகு, சாப்பாடு, படுக்கை எல்லாம் வாடகைக்குள் அடக்கம். லிஃப்ட் குழிக்குள் மல்லாந்து படுத்தபடி இரண்டையும் மனசுக்குள் ஏற்றி இறக்கிக்கொண்டிருந்தார். வித்தியாசம் ஒரு கைக்குள் அடங்கும் தொகைதான். அது அவருக்குப் போதவில்லை. இரண்டு பக்கத்தையும் இன்னும் இறக்க வேண்டும்.

அப்போதுதான் அந்த யோசனை வந்தது. முதலில் மலைக்குப் போன் போட்டார்.

"ஒரு கம்பெனியிலேருந்து பேசறேன். நாங்க நாப்பது பேர் வர்றோம். ஏரிப் பக்கம் நல்ல விலை சொல்றாங்க. நீங்க என்ன சொல்றீங்க?"

மலை விடுதிக்காரர் ஏதோ ஒரு விலையைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அதைக் கையில் வைத்துக்கொண்டு ஏரிக்குப் போட்டார். எடுத்தது ஒரு பெண். அவளிடமும் நாற்பது பேர் என்றே சொன்னார்.

"நாப்பது பேரா சார்? எங்க இடம் சின்னது... இருங்க, சமாளிச்சிடலாம். ஆளுக்கு இவ்வளவு கொடுத்தாப் போதும்."

அவள் சொன்ன விலை பாதிக்கும் கீழே இருந்தது. லிஃப்ட்காரருக்குத் தலைகால் புரியவில்லை.

"முன்பணம் ஏதாவது கட்டணுமாம்மா?"

"வேண்டாம் சார். உங்க குரலைக் கேட்டாலே தெரியுது. நிச்சயம் வருவீங்கல்ல?"

"நிச்சயம்மா" என்றார், மாட்டிக்கொண்டவர்களிடம் பேசும் அதே குரலில்.

உண்மையைச் சொன்னால் விலை ஏறிவிடும். அங்கே போனதும் மற்றவர்கள் வரவில்லை என்று சொல்லிக்கொள்ளலாம், விடுதிக்கு என்ன நஷ்டம், காலி அறை காலியாகத்தானே கிடக்கும் என்று நினைத்துக்கொண்டார். வீட்டில், "கேட்ட கேள்வியில ஆடிப் போயிட்டாங்க" என்று மட்டும் சொன்னார். மகள் கைதட்டிச் சிரித்தாள்.

ரயிலை விட்டு இறங்கி, வாடகை வண்டி பிடித்து, படகுத்துறைக்குப் போய்ச் சேர்ந்தபோது நல்ல வெயில். துறையில் ஒரு படகு நிற்கும் என்று எதிர்பார்த்தார். வரிசையாகப் படகுகள் நின்றன. ஒவ்வொன்றிலும் ஓர் ஆள் துடுப்போடு தயாராக உட்கார்ந்திருந்தார். முன்னால், அப்போதுதான் தேய்த்த சட்டை போட்ட நடுத்தர வயதுப் பெண் ஒருத்தி, பக்கத்தில் அவளுடைய தம்பி.

"வாங்க சார், வாங்கக்கா" என்று, போனில் கேட்ட அதே குரலில், விடுதிக்காரம்மா ஓடி வந்து பெட்டியை வாங்கிக்கொண்டாள். பிறகு அவர்கள் தோளுக்குப் பின்னால் சாலையை எட்டிப் பார்த்தாள். "மத்தவங்க பஸ்ல வர்றாங்களா?"

லிஃப்ட்காரரும் திரும்பிப் பார்த்தார். சாலை வெறிச்சென்று கிடந்தது.

"அது வந்தும்மா... கம்பெனியில திடீர்னு ஒரு விபத்து. கிளம்பற நேரத்துல யாருக்கும் லீவு இல்லைன்னுட்டாங்க."

"அடக் கடவுளே! யாருக்காவது அடிபட்டுடுச்சா?"

"ரெண்டு மூணு பேருக்கு."

மகள் அவரை ஒரு பார்வை பார்த்தாள். மனைவி கைப்பையின் வாரை விரலில் சுற்றிச் சுற்றி இறுக்கினார். நாலு கடை தள்ளிப் போய் நிற்க அங்கே கடையும் இல்லை. விடுதிக்காரம்மா படகுக்காரர்களிடம் போய் மெதுவாக ஏதோ சொன்னாள். அவர்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். காலிப் படகுகள் ஒவ்வொன்றாகத் திரும்பிப் போயின.

விடுதி என்று அவர் நினைத்திருந்தது வேறு. இருந்தது மரத்தாலான ஒரு பழைய வீடு, சுற்றிச் சில அறைகள். அறைகள் போதாதென்று கூடத்தில், நடையில், படகுக் கொட்டகையில் எல்லாம் கட்டில்கள் போட்டு விரிப்புகள் விரித்திருந்தார்கள். ஒரு விரிப்பு மாதிரி இன்னொன்று இல்லை. கட்டிலும் விரிப்பும் அக்கம்பக்கத்துத் தீவுகளில் வீடு வீடாகக் கேட்டு வாங்கி வந்தவை. சமையலறையில் கூலிக்கு வந்த இரண்டு பெண்கள் மலைபோல் உருளைக்கிழங்கை உரித்துக் குவித்திருந்தார்கள். நீளமான மேசையில் தட்டுகள் அணிவகுத்திருந்தன. அந்த மேசையின் ஒரு மூலையில் மூன்று பேரும் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். விடுதிக்காரம்மா பரிமாறும்போது மறுபடியும் கேட்டாள்.

"அடிபட்டவங்க இப்ப எப்படி இருக்காங்க சார்? போன் பண்ணிக் கேட்டீங்களா?"

"தேவலாம்மா" என்றார்.

மறுநாள் காலை மரப்பாலத்தில் மகள் அவரை வழிமறித்தாள்.

"நாப்பது பேர்னு சொன்னீங்களா?"

அவர் தலையாட்டினார்.

"எதுக்குப்பா?"

"உன் காசும்மா. கஷ்டப்பட்டுச் சேர்த்தது. முடிஞ்ச வரைக்கும் மிச்சம் பண்ணலாம்னு..."

"மிச்சம் பண்ணித் தரச் சொல்லி நான் கேட்டேனா? ஒரு தடவையாவது உங்களை முன்வாசல் வழியா கூட்டிட்டுப் போகணும்னு நினைச்சேன். அவ்வளவுதான்." குரல் உடைந்ததும் அவள் நடந்து போய்விட்டாள்.

அவருக்கு ஏரியைப் பார்க்கவும் பிடிக்கவில்லை, அறைக்குப் போகவும் கால் வரவில்லை. மலை விடுதி நினைவுக்கு வந்தது. அங்கேயும் நாற்பது பேர் என்றுதானே சொன்னோம்? அவர்களும் கட்டில் கடன் வாங்கி, கிழங்கு உரித்துக் காத்திருந்தால்? போனில் சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான பாறைமேல் மூச்சு வாங்க ஏறி நின்று, மலைக்குப் போன் போட்டார். தான் யார் என்று சொல்லி, நாற்பது பேர் வரப்போவதில்லை, முதலிலிருந்தே அது பொய், மன்னிக்க வேண்டும் என்று தட்டுத் தடுமாறிச் சொல்லி முடித்தார்.

அந்தப் பக்கம் சிரிப்பு. "எந்த நாப்பது பேர் சார்? இங்க தினம் யாராவது கூப்பிட்டு நாப்பது பேர், அம்பது பேர்னு அடிச்சு விடுவாங்க. கடைசியில புருஷன் பொண்டாட்டி ரெண்டு பேர் வந்து நிப்பாங்க. நாங்க யாரையும் நம்பறதில்ல சார். நீங்க பெருசா எடுத்துக்காதீங்க."

போனை வைத்த பிறகு லிஃப்ட்காரர் அந்தப் பாறையிலேயே உட்கார்ந்துவிட்டார். மலைக்காரருக்கு அவர் பேச்சு காற்றோடு போயிருந்தது. நஷ்டப்பட்டவள் அவரை நம்பியவள் ஒருத்திதான். ஒரு திட்டு வாங்கியிருந்தால்கூட நெஞ்சு லேசாகியிருக்கும். அந்தச் சிரிப்பு அவரை எந்தக் கூட்டத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது என்று நினைக்க நினைக்க உடம்பு கூசியது.

இறங்கி நேராகச் சமையலறைப் பின்கட்டுக்குப் போனார். விடுதிக்காரம்மா உரிக்காமல் மிஞ்சிய கிழங்குகளைச் சாக்கில் திரும்பக் கட்டிக்கொண்டிருந்தாள். நின்றபடியே சொன்னார். கம்பெனி இல்லை, விபத்து இல்லை, நாற்பது பேர் இல்லை. தான் லிஃப்ட் பழுது பார்ப்பவன். விலை குறைக்கச் சொன்ன பொய்.

அவள் சாக்கின் வாயைக் கட்டி முடிக்கும் வரை நிமிரவில்லை.

"அப்ப யாருக்கும் அடிபடலையா?"

"இல்லம்மா."

"நேத்திலேருந்து அதையே நெனச்சிட்டிருந்தேன்" என்றாள். கோபமா, ஆறுதலா என்று அவருக்குப் பிடிபடவில்லை. பிறகு சாக்கை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "ரெண்டு குடும்பத்தை இடமில்லன்னு திருப்பி அனுப்பிட்டேன் சார். அது போகட்டும். கட்டில் கொடுத்தவங்களுக்கு நான் என்ன சொல்றது? முதல்முறையா பெரிய கூட்டம் வருதுன்னு எல்லாருக்கும் அவ்வளவு சந்தோஷம்" என்றாள்.

"நானே போய்ச் சொல்றேன்."

"நீங்க விருந்தாளி..."

"நான் சொல்றேம்மா" என்றார். கெஞ்சுவது போலத்தான் வந்தது குரல்.

அன்று மத்தியானம் தம்பி படகைத் தள்ள, லிஃப்ட்காரர் கட்டில்களோடு உட்கார்ந்துகொண்டார். ஒவ்வொரு வீட்டு வாசலிலும் இறங்கி, கட்டிலை உள்ளே கொண்டுபோய் வைத்து, அதே கதையை ஒன்றுவிடாமல் சொன்னார். ஒருவர் விழுந்து விழுந்து சிரித்து, உள்ளேயிருந்து ஆட்களைக் கூப்பிட்டு இன்னொரு தடவை சொல்லச் சொன்னார். சொன்னார். ஒரு பெரியவர் விரிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு கதவைச் சாத்தினார். கைக்குழந்தையோடு நின்ற ஒரு பெண், "அவங்க எல்லாரையும் நம்பறவங்கன்னு தெரிஞ்சுதானே செஞ்சீங்க?" என்று கேட்டாள். "தெரியாதும்மா" என்றார். அது உண்மைதான். உண்மை என்று சொல்லிக்கொள்ள அவருக்கே கூச்சமாக இருந்தது.

இரண்டாவது நடைக்குத் திரும்பியபோது துறையில் மகள் நின்றுகொண்டிருந்தாள். அடுத்த கட்டிலின் மறுமுனையைப் பிடித்துத் தூக்கினாள். பிறகு படகில் ஏறிக்கொண்டாள். அவர் வாசலில் நின்று சொல்லும்போதெல்லாம் அவளும் பக்கத்தில் நின்று தலை குனிந்தாள். தனியாகச் சொன்னதைவிட அது பத்து மடங்கு கனத்தது. அவளைப் போகச் சொல்லவும் அவருக்கு வாய் வரவில்லை.

கிளம்பும்போது விடுதிக்காரம்மா மூன்று பேருக்கு வழக்கமாக உள்ள வாடகையைச் சொன்னாள். "நாப்பது பேருக்குச் சொன்ன விலை நாப்பது பேருக்குத்தான் சார்." சமையலுக்கு வந்தவர்களின் கூலியையும் படகுக்காரர்களின் கூலியையும் லிஃப்ட்காரர் தன் பையிலிருந்து கொடுத்தார். அதற்கு மேல் நீட்டியதை அவள் தொடவில்லை. எல்லாம் சேர்த்தால் மலைக்குப் போயிருந்தால் ஆகும் செலவைத் தாண்டியிருக்கும். அவர் கூட்டிப் பார்க்கவில்லை. கறாராகப் பேசுகிறவர் என்று அதுவரை உள்ளுக்குள் வைத்திருந்த பெருமையெல்லாம் துறையில் எங்கோ விழுந்துவிட்டது.

ரயிலில் மனைவி மட்டும் ஒருமுறை வாய் திறந்தார். "பசிக்குதாங்க?"

"இல்ல."

"சாப்பிடுங்க. சாப்பிடாம இருந்தா சரியாயிடுமா?" என்று ரொட்டியைக் கையில் வைத்தார். அவர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார்.

வேலையிடத்தில் எல்லோரும் விசாரித்தார்கள். ஏரி எப்படி, எவ்வளவுக்கு முடிச்சீங்க, எங்களுக்கும் பேசித் தாங்க என்று நச்சரித்தார்கள். இடம் நன்றாக இருக்கிறது, அவங்க சொல்ற விலை நியாயமான விலை, அப்படியே கொடுங்க என்றார். "இவரா இப்படிப் பேசறாரு? காட்டுல பேய் அடிச்சிருச்சு போல" என்று ஒருவன் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். லிஃப்ட்காரர் சாவியை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினார்.

மழைக்காலம் முடிந்த பிறகு ஒரு ஞாயிற்றுக்கிழமை, மகளின் போன் அடித்தது. ஏரியிலிருந்து. வந்து போனவர்களையெல்லாம் விசாரிப்பது விடுதிக்காரம்மாவின் பழக்கம் போலிருக்கிறது. மகள் சிரித்துச் சிரித்துப் பேசினாள். சட்டென்று, "அப்பாவா?" என்றபடி அவரைப் பார்த்தாள்.

அவர் பதறிப்போய் இரண்டு கைகளையும் ஆட்டினார். வீட்டில் இல்லை என்று சொல்லச் சொல்லி வாயசைத்தார்.

மகள் அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "இங்கதான் இருக்கார் ஆன்ட்டி. குடுக்கறேன்" என்று போனை நீட்டினாள்.

லிஃப்ட்காரர் நாற்காலியிலிருந்து எழுந்து நின்று வாங்கிக்கொண்டார். காது இரண்டும் சூடேறி, முகம் சிவந்து போயிருந்தது.

"சொல்லுங்கம்மா" என்றார்.