மங்கினால்தான் சந்தோஷம்

எங்கோ ஒரு நட்சத்திரம் வெடித்துச் செத்தால், பேசாலை என்ற கடலோர ஊரில் நான் சாப்பாட்டுக் கோப்பையை வைத்துவிட்டு எழும்பி ஓடுவேன். அதுதான் என் தொழில். வானில் சுற்றும் செய்மதி அந்த வெடிப்பின் காமாக் கதிரைக் கண்டதும் "ஏறக்குறைய இந்தப் பக்கம்" என்று கைபேசிக்குத் தகவல் அனுப்பும். வெடிப்பு விட்டுப்போன வெளிச்சத்தை, மங்கி மறைவதற்குள் தொலைநோக்கியில் கண்டுபிடிப்பது என் பாடு. புறப்பட்ட பஸ்ஸின் பின்னால் ஓடியவர்களுக்கு என் நிலைமை புரியும். போதாததற்கு, தொலைநோக்கியை இரவல் தந்த பல்கலைக்கழகம், "மழைக்கு முன் ஒன்றையாவது பிடியுங்கள், இல்லாவிட்டால் வேறு ஊருக்குக் கொண்டுபோவோம்" என்று சொல்லிவிட்டது.

கோணல் நட்சத்திரங்கள்

ஒருநாள் பொழுதுபட்ட கையோடு தகவல் வந்தது. எடுத்த படமெல்லாம் கோணல்மாணல். மோட்டார் பழுதென்று பதறி வெளியே ஓடினால், ஒரு கழுதை தொலைநோக்கியின் முக்காலியில் முதுகைத் தேய்த்துக்கொண்டு நிற்கிறது! அதைக் கலைத்துவிட்டு வருவதற்குள் அந்தப் பக்கத்து வானம் கடலுக்குள் இறங்கிவிட்டது. எனக்கு அழுகை வந்தது. கூட வேலை செய்யும் யூட் சொன்னார்: "மிஸ், இந்தப் பக்கம் மரமும் குறைவு; அதுவும் எங்க போய்ச் சொறியிறது?"

இல்லாததை எழுதுதல்

தேடியும் கிடைக்காவிட்டால் அதையும் எழுதி உலகத்துக்கு அறிவிக்க வேண்டும்: "இவ்வளவு மங்கல் வரை பார்த்தோம், ஒன்றுமில்லை." மற்றவர்கள் இன்னும் பெரிய தொலைநோக்கியில் தேட அது உதவும். இப்படி நான் வரிசையாக அனுப்பிக்கொண்டிருந்ததைப் பார்த்த, அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்யும் என் கணவர் சொன்னார்: "எங்கட கந்தோரில இப்பிடி எழுதினா அண்டைக்கே இடமாத்தம்."

ஒரு செபமாலை இருட்டு

மழைக்காலம் நெருங்கிவிட்டது. கோயில் திருநாளுக்கு முதல்நாள் மாலை, வீதியெல்லாம் சோடனை பல்ப் எரியும்போது தகவல் வந்தது. அந்த வெளிச்சத்தில் படம் முழுக்க ஒரே வெள்ளை. வெட்கத்தை விட்டு, விளக்குகளை அணைக்கச் சொல்லிக் கேட்கக் கோயில் பாதரிடம் ஓடினேன். எவ்வளவு நேரம் வேண்டும் என்று கேட்டார். நான் விரல்விட்டு எண்ணத் தொடங்கினேன். "ஒரு செபமாலை சொல்லி முடியுமட்டும் காணுமோ?" என்றார். ஓம், அவ்வளவு போதும் என்றேன்.

விளக்குகள் அணைந்தன. சனங்கள் இருட்டில் செபமாலை சொல்ல, யூட் புதுப் படத்தைப் பழைய வானப்படத்தோடு ஒப்பிட்டார். பழையதில் இல்லாத ஒரு புள்ளி! அடுத்த படத்திலும் அது அசையாமல் அங்கேயே நின்றது, ஆனால் கொஞ்சம் மங்கல். அதற்கடுத்ததில் இன்னும் மங்கல். வெடிப்பின் வெளிச்சம்தான், சந்தேகமே இல்லை. "மங்குது, மங்குது!" என்று நாங்கள் கத்திய சத்தம் கோயில்வரை கேட்டிருக்கிறது.

இடத்தைக் குறித்து உடனே அனுப்பினோம். பல்கலைக்கழகத்திலிருந்து பதில் வந்தது: தொலைநோக்கி பேசாலையிலேயே இருக்கட்டும். பாதருக்கு நன்றி சொல்லப் போனபோது, அந்த வெளிச்சம் பூமி உண்டாவதற்கு முன்பே புறப்பட்டது என்றேன். பாதர் சிரித்தார்: "அவ்வளவு தூரம் வந்ததுக்கு நாங்கள் கொஞ்ச நேரம் லைற்றை நூத்திட்டு இருட்டில இருக்கக்கூடாதோ, பிள்ளை?"

கண்டுபிடித்த பொருள் கண்முன்னே தேய்ந்துபோவதைப் பார்த்துத் துள்ளிக் குதிக்கிற தொழில் உலகத்திலேயே எங்களுடையது ஒன்றாகத்தான் இருக்கும்.