பஞ்சு என்கிற டைகர்

எங்கள் டைகருக்குக் கயிற்றில் நடக்கக் கற்றுக்கொடுத்தது நான்தான். இதை இன்றுவரை எங்கள் வீட்டில் ஒருவரும் ஒப்புக்கொண்டதில்லை. அது தானாக நடந்தது என்பார் அப்பா. அம்மா சிரிப்பாள். சிரிக்கட்டும். அந்த விஷயத்தில் எனக்கு நடந்த அநியாயத்தை யாராவது ஒருவர் சொல்லித்தானே ஆகவேண்டும்?

அப்பாவின் ஆபீஸ் நண்பர் ஒருவர் பெங்களூருக்கு மாற்றலாகிப் போகும்போது தன் நாய்க்குட்டியை எங்கள் தலையில் கட்டிவிட்டுப் போனார். வெள்ளை வெளேரென்று இருந்தது. கையில் தூக்கினால் கனமே தெரியாது. நான் அதற்கு டைகர் என்று பெயர் வைத்தேன். நாலாங்கிளாஸ் பரீட்சை முடிந்திருந்த மே மாதம் அது. மாடம்பாக்கத்தில் ஒரு அபார்ட்மென்டில் இரண்டாவது மாடியில் இருந்தோம். அம்மாவைப் பெற்ற தாத்தாவும் எங்களோடு இருந்தார். ரிட்டயர்டு ஹெட்மாஸ்டர். வீட்டையும் ஸ்கூல் மாதிரிதான் நடத்துவார்.

டைகர் ஒருநாள் படியிறங்கி ஓடிப்போய்க் கீழ்வீட்டு வாசலில் அசிங்கம் செய்துவிட்டது. புகார் வந்தது. ஸ்கூல் திறப்பதற்குள் நாய் ஒழுங்காகக் கயிற்றில் நடக்கப் பழக வேண்டும், இல்லாவிட்டால் யாருக்காவது கொடுத்துவிட வேண்டியதுதான் என்று தாத்தா சொல்லிவிட்டார். அவர் ஒரு தடவை சொன்னால் சொன்னதுதான். யாருக்காகவும் மாற்றிக்கொண்டதாகச் சரித்திரமே கிடையாது.

அன்றிலிருந்து காலையும் மாலையும் நான் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். பெல்ட்டை மாட்டிக் கயிற்றைக் கையில் பிடித்ததுமே டைகர் உட்கார்ந்துகொள்ளும். கொஞ்சம் இழுத்தால் படுத்துக்கொள்ளும். இன்னும் இழுத்தால் மல்லாந்துவிடும். தெருவைத் துடைக்கிற துணி போல அதைப் பின்னால் இழுத்துக்கொண்டு நான் போவதைப் பார்த்து, முனையில் இஸ்திரி போடுகிறவர் கையிலிருந்த பெட்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"இன்னா பாப்பா, நாயை இட்டுகினு போறியா, இஸ்துகினு போறியா?"

கூடியிருந்தவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். எனக்கு அழுகை முட்டியது. வீட்டில் ஒருவராவது உதவிக்கு வந்தார்களா? அப்பாவுக்கு ஆபீஸ். தாத்தாவுக்கு டிவியில் செய்தி. அம்மாவோ அதை டைகர் என்று பெயர் சொல்லிக்கூடக் கூப்பிட மாட்டாள், 'நாய்' என்றுதான் சொல்லுவாள். மத்தியானம் எல்லோரும் படுத்திருக்கும்போது, மொட்டை மாடியில் வற்றல் காய்கிறது, காக்காய் விரட்ட ஆகும் என்று மட்டும் அதைத் தூக்கிக்கொண்டு போவாள். நேரம் கழித்துத்தான் வருவாள். அந்த வருஷம் எங்கள் வீட்டில் வற்றல் ஏன் அவ்வளவு கொஞ்சமாக இருந்தது என்று யாரும் கேட்கவில்லை.

ஸ்கூல் திறக்கச் சில நாட்களே இருந்தபோது ஒரு சாயங்காலம் அது நடந்தது. வழக்கமாக நான் இடது பக்கம், பார்க் இருக்கும் பக்கம்தான் இழுப்பேன். அன்றைக்கு அங்கே ரோட்டைத் தோண்டிப் போட்டிருந்ததால் வலது பக்கம் திரும்பினேன். டைகர் எழுந்தது. நடந்தது. எனக்கு முன்னால், வாலைத் தூக்கிக்கொண்டு, பெரிய மனுஷத் தோரணையில் நடந்தது. வண்டி வந்தால் ஓரமாக நின்றது. சிவன் கோயிலைத் தாண்டும்போது எனக்குப் பெருமை தாங்கவில்லை. அந்த இஸ்திரிக்காரர் இதைப் பார்க்கவில்லையே என்று இருந்தது.

கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில், பச்சை கேட் போட்ட வீட்டு வாசலில் டைகர் தானாக நின்று ஒரு குரல் குரைத்தது. உள்ளே ஓடிக்கொண்டிருந்த தையல் மெஷின் சத்தம் நின்றது.

"பஞ்சு! வந்துட்டியாடா? அக்கா எங்கே?" என்றபடி ஒரு ஆன்ட்டி வெளியே வந்தாள்.

பஞ்சாம்! நான் அவ்வளவு யோசித்து டைகர் என்று பெயர் வைத்திருக்கிறேன், யாரோ முன்பின் தெரியாதவள் பஞ்சு என்கிறாள். அதைவிட வயிற்றெரிச்சல், நான் டைகர் என்று கூப்பிட்டால் காதைக்கூட அசைக்காதது, பஞ்சு என்றதும் உடம்பு முழுக்க ஆடியது. அந்த ஆன்ட்டி என்னைப் பார்த்ததும் வாயில் கைவைத்து அப்படியே நின்றுவிட்டாள். பிறகு, நான் சொல்லாமலே, என் பெயரைச் சொன்னாள். உள்ளே போய் மில்க் பிஸ்கட் எடுத்துவந்து டைகருக்குப் போட்டுவிட்டு எனக்கும் நீட்டினாள்.

"தெரியாதவங்க குடுத்தா வாங்கக் கூடாதுன்னு அம்மா சொல்லியிருக்காங்க" என்றேன்.

அவள் கை நீட்டியபடியே இருந்தது. "அம்மா சொன்னா சரிதான்" என்றாள்.

அது பேர் டைகர், பஞ்சு இல்லை, அடுத்தவங்க நாய்க்குக் கேட்காமல் பிஸ்கட் போடக் கூடாது என்று நன்றாகச் சொல்லிவிட்டுத்தான் வந்தேன். எல்லாவற்றுக்கும் தலையை ஆட்டி ஆட்டிச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர் வேறு. மண்டைக்கு ஏதோ ஆகிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்ததும் நேராகத் தாத்தாவிடம் போனேன். ஹெட்மாஸ்டரிடம் அல்லாமல் வேறு யாரிடம் போவது? நடந்ததை ஒன்றுவிடாமல் ஒப்பித்தேன். அடுப்பில் தோசை ஊற்றிக்கொண்டிருந்த அம்மாவின் கரண்டிச் சத்தம் நின்றுவிட்டது. அப்பா பேப்பரைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொண்டார். தாத்தா டிவியை அணைத்தார்.

"ஆள் எப்படி இருந்தா?"

போலீசில் அங்க அடையாளம் கேட்பார்களே, அதுதான் என்று நினைத்து விவரமாகச் சொன்னேன். நல்ல ஒல்லி. கண்ணாடி. மூக்கு மட்டும் அப்படியே உங்க மூக்கு தாத்தா.

அவர் தன் மூக்கைத் தடவிக்கொண்டார். தோசை தீய்கிற வாசனை வந்தது. பிறகு சமையலறைப் பக்கம் பார்க்காமலே சொன்னார்:

"நாய் எங்கேயும் போக வேண்டாம். ஆனா குழந்தை அதைத் தனியா ரோட்ல கூட்டிட்டுப் போறது சரியில்ல. நாளையிலேர்ந்து உங்கம்மாவே கூட்டிட்டுப் போகட்டும்."

எனக்கு எப்படி இருந்திருக்கும்? மாதம் முழுக்க வெயிலில் காய்ந்தது நான். அம்மா டைகரை அங்கே கூட்டிப்போன களவைக் கண்டுபிடித்தது நான். கயிறு போனது அம்மா கைக்கு! அம்மா அடுப்பைப் பார்த்துத் திரும்பி நின்று மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தாள். மாட்டிக்கொண்டதால் அழுகிறாள், அழட்டும் என்று விட்டுவிட்டேன்.

எனக்கு ஒரு சித்தி இருக்கிறாள் என்பதே அப்போது எனக்குத் தெரியாது. தாத்தா வேண்டாம் என்று சொன்னவரைக் கட்டிக்கொண்டு, நான் பிறப்பதற்கு முன்பே வீட்டை விட்டுப் போனவள். அவள் பேச்சையே எடுக்கக் கூடாது என்பது தாத்தாவின் சட்டம். ஆல்பத்தில்கூட ஒரு போட்டோ இல்லை. பம்மலில் இருந்தவள், அக்காவுக்குப் பக்கத்தில் இருக்கலாமென்று கோயிலுக்குப் பின்னால் குடிவந்திருந்தாள். இதெல்லாம் ஹைஸ்கூலுக்குப் போன பிறகு எனக்குச் சொல்லப்பட்டது.

அந்த ஜூன் மாதத்தில் எனக்குத் தெரிந்ததெல்லாம் தாத்தா கெட்டுப்போய்விட்டார் என்பதுதான். டைகரைத் திரும்பிக்கூடப் பார்க்காதவர், கடைக்குப் போனால் ஒரு பொட்டலத்தோடு வந்து அம்மாவிடம் நீட்டி "நாய்க்கு" என்பார். முதலில் மில்க் பிஸ்கட். சரி. பிறகு காராசேவு. பிறகு அரைக்கிலோ மைசூர்பாகு. பல் சொத்தையாகும் என்று எனக்கு ஒரு துண்டு தராதவர், நாய்க்கு அரைக்கிலோ! அம்மா மறுபேச்சில்லாமல் அதைப் பையில் போட்டுக்கொண்டு டைகரோடு கிளம்பிவிடுவாள்.

ஒரு வெள்ளிக்கிழமை கோயில் வாசலிலிருந்து இரண்டு பந்து மல்லிப்பூ வாங்கிவந்தார். ஒன்றை அம்மாவிடம் கொடுத்து வைத்துக்கொள்ளச் சொன்னார். இன்னொன்றைக் கொடுத்துவிட்டு எங்கேயோ பார்த்தபடி, "இது நாய்க்கு" என்றார்.

"நாய் எங்க தாத்தா பூ வெச்சுக்கும்?"

"நீ போய்ப் படி."

அம்மாவும் டைகரும் திரும்பி வந்ததும் அதன் கழுத்தைத் தடவித் தடவிப் பார்த்தேன். ஒரு இதழ்கூட இல்லை. மறுநாள் சனிக்கிழமை ஸ்பெஷல் கிளாஸ். ஸ்கூல் வேன் கோயில் பக்கம் திரும்பும்போது பஸ் ஸ்டாப்பில் அந்தப் பிஸ்கட் ஆன்ட்டி நின்றிருந்தாள். தலையில் அவ்வளவு பூ. கொஞ்சம் வாடியிருந்தது. எனக்கு ரத்தம் கொதித்தது. வீட்டுக்கு வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் தாத்தாவிடம் சொன்னேன், டைகரோட பூவை அந்த ஆன்ட்டி எடுத்துத் தலையில வெச்சிருக்காங்க என்று.

"வெச்சிருக்காளா?" என்றார் தாத்தா. "நல்லாப் பார்த்தியா?"

நல்லாப் பார்த்தேன், வாடின பூவைக்கூட எடுக்காமல் வைத்திருக்கிறாள் என்றேன். தாத்தா கண்ணாடியைக் கழற்றி வேட்டி நுனியால் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார். பார்த்தால், சிரிக்கிறார். திருட்டுப் போனதைக் கேட்டுச் சந்தோஷப்படுகிற இந்த மனுஷரிடம் இனிமேல் எந்தப் புகாரும் கொடுப்பதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டேன்.