மாட்டியவரே கழற்ற வேண்டும்

மின்தூக்கிக் கூண்டின் தரையில் ஒரு பெண் மெக்கானிக் ஒரு நாணயத்தை விளிம்பில் நிறுத்திவிட்டுக் கையை மெல்ல விலக்கிக்கொள்கிறார். கதவு மூடுகிறது. கூண்டு தரைத்தளத்திலிருந்து பதினான்காம் மாடிக்கு ஏறுகிறது. முழங்காலிட்டுக் குனிந்து, வழிபாட்டில் இருப்பவரின் அடக்கத்தோடு அந்தச் சிறு வட்டத்தையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பதினான்கில் கூண்டு நிற்கிறது. நாணயமும் நின்றபடியே நிற்கிறது. "ம், இப்ப மனுஷங்க ஏறலாம்" என்று எழுந்து, முழங்கால் தூசியைத் தட்டி, நாணயத்தைச் சட்டைப்பையில் போட்டுக்கொள்கிறார். பதினேழு ஆண்டுகளாக அதே நாணயம். அரசு அதைப் புழக்கத்திலிருந்து எடுத்துப் பல காலம் ஆகிவிட்டது. அதற்கென்ன, அவர் அதைக் கடைக்குக் கொண்டுபோவதே இல்லை.

அந்த வட்டாரத்தில் அவருக்கு லிஃப்ட்டக்கா என்று பெயர். அவரைவிடப் பத்து வயது மூத்த மெக்கானிக்குகளும் அக்கா என்றே அழைக்கிறார்கள். நாற்பத்தொரு வயது. குள்ளமான உருவம். எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் முதலில் சுவரில் காதை வைப்பார். உள்ளே வடங்கள் ஓடும் ஒலியைக் கேட்டு, "மோட்டார் மேல தப்பில்ல. மூணாவது கயிறுதான் முனகுது" என்பார். திறந்து பார்த்தால் மூன்றாவது வடத்தில்தான் இழை பிரிந்திருக்கும். குடியிருப்பில் யாரேனும், "ஏம்மா, ஆம்பளை மெக்கானிக் யாரும் வரலியா?" என்று கேட்டால் முகம் கோணமாட்டார். "வந்தாருங்க. எட்டாவது மாடியில மாட்டிக்கிட்டாரு. அவரை இறக்கத்தான் நான் வந்திருக்கேன்."

தொழிலில் அவருக்கு இரண்டு நெறிகள். தாம் ஏறிப் பார்க்காத கூண்டில் பிறரை ஏற்றமாட்டார் என்பது முதலாவது. பழுது பார்த்த பின் இரும்பு எடைக்கற்களைக் கூண்டு நிறைய அடுக்கி ஓட்டிப் பார்ப்பது எல்லோருக்கும் உள்ள வழக்கம். இவர் அந்தக் கற்களோடு தாமும் நின்றுகொள்வார்.

இரண்டாவது நெறி சிவப்பு அட்டை பற்றியது. மின்தூக்கியின் குழிக்குள் இறங்குவதற்கு முன் மெக்கானிக் தலைமை விசையை அணைத்து, அதில் ஒரு சிவப்பு அட்டையை மாட்டவேண்டும். மாட்டியவர், காரணம், கழற்றியவர் என்று அதில் மூன்று கோடுகள் இருக்கும். மாட்டியவரே கழற்ற வேண்டும். வேறு கை அதன்மேல் படக்கூடாது. பட்டால் உள்ளே இருப்பவரின் உயிர் போகும். ஒருநாள் இன்னொரு மெக்கானிக் அட்டையை மாட்டிவிட்டுச் சாப்பிடப் போயிருந்தார். விருந்தினர் நால்வரோடு வந்த கிளை மேலாளர், "அதை எடுத்துட்டு சுவிட்சைப் போடும்மா" என்றார். லிஃப்ட்டக்கா விசைக்கு முன்னால் போய் நின்றுகொண்டார். "சார், அது அவர் மாட்டினது. அவர் உள்ள இருக்காரா வெளிய இருக்காரான்னு அவருக்குத்தான் தெரியும். நீங்க படியேறுங்க. உடம்புக்கும் நல்லது." மேலாளர் பதினொரு மாடி ஏறினார். மூச்சு வாங்கியதில் திட்டக்கூட முடியவில்லை. பின்னாளில் மேற்பார்வையாளர் பதவிக்கு இவர் பெயரை எழுதி அனுப்பியவரும் அந்த மேலாளர்தான்.

சட்டைப்பையில் நாணயத்துக்குப் பக்கத்தில் ஒரு கறுப்புப் பேனாவும் இருக்கும். பாதுகாப்புச் சான்றிதழில் கையெழுத்திட மட்டும் அது வெளியே வரும். யாருக்கும் இரவல் இல்லை. அவருடைய கணவர் முடிதிருத்துநர். ஒருமுறை கடையின் விலைப்பலகை எழுத அந்தப் பேனாவைக் கேட்டார். "அது பொறுப்பேத்துக்கிற பேனாங்க. சவரத்துக்கெல்லாம் வராது" என்று பதில் வந்தது. இன்றுவரை கடைக்கு வருகிறவர்களிடம் கணவர் இதைப் பெருமையாகச் சொல்லிக்கொண்டிருக்கிறார்.

மேற்பார்வையாளர் பதவிக்கான கடிதம் வந்தபோது அதில் மூன்று நகரங்களின் பெயர்கள் இருந்தன: துறைமுக நகரம் ஒன்று, மலை நகரம் ஒன்று, ஆற்றங்கரை நகரம் ஒன்று. எதை வேண்டுமானாலும் தேர்ந்துகொள்ளலாம்; ஒரு மாதத்துக்குள், கடைசி வெள்ளிக்கிழமை மாலை ஐந்து மணிக்குள், ஒப்புதல் கடிதம் அலுவலகத்துக்கு வந்துசேர வேண்டும். அந்த நிறுவனத்தில் இதுவரை எந்தப் பெண்ணுக்கும் வராத பதவி. "எனக்கென்ன, தலை இருக்கிற ஊரெல்லாம் நம்ம ஊருதான். கத்திரிக்கோலை எடுத்து இடுப்புல சொருகினா கிளம்பிடுவேன்" என்றார் கணவர். ஆனால் மகள்கள் இருவர். பெரியவளுக்குப் பதினான்கு, சின்னவளுக்கு எட்டு. அவர்கள் கத்திரிக்கோல் அல்லவே.

ஆகவே லிஃப்ட்டக்கா தமக்குத் தெரிந்த முறையில் நகரங்களைச் சோதிக்கக் கிளம்பினார். அவருக்கு வார விடுமுறை செவ்வாய்க்கிழமை. பள்ளிகள் நடக்கும் நாள். பெரியவளின் புத்தகப்பை ஏழு கிலோ, சின்னவளுடையது நான்கு கிலோ என்று தராசில் நிறுத்துக் குறித்துக்கொண்டார். அதே எடைக்குப் பழைய புத்தகங்களை இரண்டு பைகளில் நிரப்பி, தோளுக்கு ஒன்றாக மாட்டிக்கொண்டு ரயிலேறினார். போன ஊரில் வாடகைக்கு வரக்கூடிய வீட்டு வாசலிலிருந்து பள்ளி வாசல் வரை, காலை மணியடிக்கும் நேரத்தில், பதினொரு கிலோவோடு நடந்தார்.

துறைமுக நகரத்தைப் பற்றி வீட்டில் வந்து சொன்னது இவ்வளவுதான்: "பள்ளிக்கூடத்துக்கு முன்னாடி சிக்னல் பத்தொன்பது செகண்டுதான் விடுது. நம்ம சின்னவளுக்கு இருபத்தாறு வேணும். மிச்ச ஏழு செகண்டுக்கு லாரிக்காரன்கிட்ட யாரு பேசறது?" மலை நகரத்தைப் பற்றி: "இருநூத்திப் பன்னெண்டு படி. ஏறிடலாம். அப்புறம் பாடம் கேக்க மூச்சு மிச்சமிருக்காது." மூன்றாவதாகப் போன ஆற்றங்கரை நகரம் அவரை வென்றது. வழியெல்லாம் நிழல், பதினான்கே நிமிட நடை. பள்ளிக் குழாயில் தண்ணீர் குடித்துப் பார்த்தார். கழிப்பறைக் கதவு ஒவ்வொன்றுக்குள்ளும் போய்த் தாழிட்டுத் தாழிட்டுத் திறந்தார். காவலாளி ஓடிவந்து, "யாரும்மா நீங்க? இன்ஸ்பெக்டரா?" என்றார். "ஆமாங்க. ரெண்டு பிள்ளைங்களுக்கு" என்றார் இவர்.

அன்று மாலையே ஒப்புதல் கடிதம் எழுதி, பரிசோதனைத் தாள்களைச் செருகும் அட்டைப்பலகையில் செருகி, சமையலறைச் சுவரில் ஆணியில் தொங்கவிட்டார். சின்னவள் குதித்தாள். கணவர் தம் கடைச் சாமான்களை எப்படிக் கட்டுவது என்று யோசிக்கத் தொடங்கினார். பெரியவள் மட்டும் தட்டைக் கழுவி வைத்துவிட்டுப் போய்விட்டாள்.

மறுநாள் காலை அந்தக் கடிதத்தின்மேல் ஒரு சிவப்பு அட்டை தொங்கியது. லிஃப்ட்டக்காவின் கருவிப்பையிலிருந்து எடுத்ததுதான். மாட்டியவர் என்ற கோட்டில் பெரியவளின் பெயர், முழுப் பெயராக. காரணம் என்ற கோட்டில்: சோதனை முடியவில்லை.

கணவர் அதைப் படித்துவிட்டு அடுப்பைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "இந்த வீட்டுல உன்னை ஒழுங்காப் படிச்சு வச்சிருக்கிறவ ஒருத்திதான்."

"சும்மா இருங்க" என்று சொல்லிவிட்டு, லிஃப்ட்டக்கா பெரியவளைக் கூப்பிட்டார். "என்னடி பாக்கி? உங்க ரெண்டு பேர் பையையும் தூக்கிக்கிட்டு நடந்தே பாத்துட்டேனே."

"எடைக்கல்லை ஏத்திப் பாத்தே. நாங்க எடைக்கல்லாம்மா?"

"தண்ணி பாத்தேன். தாழ்ப்பா பாத்தேன்."

"நாலு வருஷம் முன்னாடி இந்த ஊருக்கு வரும்போதும் பாத்தே. வழி நல்லா இருந்துது. தண்ணி நல்லா இருந்துது." பெரியவள் குரலை உயர்த்தவில்லை. "வந்து ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துல மாடிப்படிக்குக் கீழ நின்னுக்கிட்டே சாப்பிட்டேன். யார் பக்கத்துலயும் இடம் இல்ல."

அடுப்பில் பால் பொங்கியது. கணவர்தான் இறக்கினார்.

"ஏன்டி சொல்லல?"

"நீ சோதிச்ச இடமாச்சே. அப்ப தப்பு எங்கிட்டதான்னு நெனச்சுக்கிட்டேன்."

பதினேழு ஆண்டுகளில் லிஃப்ட்டக்கா சான்றளித்த எந்தக் கூண்டின்மீதும் ஒரு புகார் வந்ததில்லை. இதுதான் முதல் புகார்; அதுவும் நான்கு ஆண்டு பழையது. சுவரில் காதை வைத்து மூன்றாவது வடத்தின் முனகலைக் கேட்டவருக்குத் தம் மகள் பள்ளியில் நின்றுகொண்டே உண்ட ஓராண்டு கேட்கவில்லை. அவர் கண்ணைத் துடைத்துக்கொள்ளவில்லை, சாக்குச் சொல்லவுமில்லை. மேசைக்கு முன் உட்கார்ந்து, உடன் வேலை செய்பவரிடம் கேட்பதுபோல் கேட்டார்: "சரி. இப்ப என்ன சோதனை பண்ணணும்?"

"அதை நான்தான் பண்ணணும். நீ வெளிய இருக்கணும்."

அடுத்த செவ்வாய்க்கிழமை இருவரும் ஆற்றங்கரை நகரத்துக்குப் போனார்கள். தலைமையாசிரியை கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிப் பெரியவளை ஒருமுறை பார்த்தார். "உக்காந்து பாக்கணும்னு கேட்டு வந்த முதல் பொண்ணு நீதான்" என்று சொல்லி, ஒன்பதாம் வகுப்பில் மதிய இடைவேளை முடியும்வரை இருக்க இசைந்தார். லிஃப்ட்டக்கா வாசலில் சிமெண்ட் பலகையில் அமர்ந்தார். தாம் ஏறாத கூண்டுக்கு வெளியே அவர் காத்திருந்தது வாழ்நாளில் அதுவே முதல்முறை. நாணயத்தை எடுத்தார், உள்ளங்கையில் வைத்தார், மறுபடி பையில் போட்டார். மதிய மணி அடித்தபோது சுவரில் காதை வைக்கப் போய், நிறுத்திக்கொண்டார்.

முன்பு பார்த்த காவலாளி அடையாளம் கண்டுகொண்டார். "என்னம்மா, இன்னைக்கு உள்ள போகலியா?"

"இன்னைக்கு இன்ஸ்பெக்டர் வேற. என்னைவிடக் கண்டிப்பு."

பெரியவள் வெளியே வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை. ரயிலில் நோட்டை மடியில் வைத்து, கையால் மறைத்துக்கொண்டு ஏதோ எழுதிக்கொண்டே வந்தாள். மூன்று நிலையங்கள்வரை பொறுத்துப் பார்த்த லிஃப்ட்டக்கா, "எப்படி இருந்துதுடி?" என்றார்.

"ரிப்போர்ட் முடியலம்மா. முடிக்காம நீ யார்கிட்டயாவது சொல்லுவியா?"

"சொல்லமாட்டேன்."

"அப்ப?"

அப்புறம் லிஃப்ட்டக்கா சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். சிரிப்பை மறைக்கத்தான்.

புதன் போயிற்று. வியாழன் போயிற்று. கெடு நாளான வெள்ளிக்கிழமை நான்கு மணிக்கு, அனுமதி வாங்கிக்கொண்டு சீக்கிரமே வீட்டுக்கு வந்த லிஃப்ட்டக்கா, சுவருக்கு முன் நின்றார். அலுவலகம் பத்து நிமிடத் தொலைவு. கடிதம் இருக்கிறது. அதன்மேல் அட்டையும் இருக்கிறது. அட்டை கழலாவிட்டால் பதவி வேண்டாம் என்று முந்தின நாளே கணவரிடம் சொல்லிவிட்டிருந்தார்: "இருக்கிற லிஃப்ட்டைப் பாத்துக்கிட்டு இருக்கேன். அதுவும் நல்ல வேலைதான்." அதைச் சொன்னபோது விரல்கள் சட்டைப்பையிலிருந்த நாணயத்தைத் தடவிக்கொண்டிருந்தன. கணவர் கவனித்தார், கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை.

இப்போது கடையைப் பூட்டிவிட்டு வந்த கணவர், தோளில் ஒட்டியிருந்த முடியைத் தட்டிக்கொண்டே சொன்னார்: "நீயே கழட்டி, கொண்டுபோய்க் குடுத்துடேன். வந்ததும் அவகிட்ட சொல்லிக்கலாம். யாரு பாக்கப் போறா?"

"நான் பாக்கறேனே."

சின்னவள் நாற்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். "நான் கழட்டட்டுமா?"

"நீ மாட்டினியா?"

"இல்ல."

"அப்ப இறங்கு."

நான்கு இருபதுக்குப் பெரியவள் வந்தாள். செருப்பைக் கழற்றினாள். முகம் கழுவினாள். துண்டால் துடைத்தாள். அதுவரை மூவரும் அப்படியே நின்றுகொண்டிருந்தார்கள். பிறகு அவள் பையிலிருந்து ஒரு தாளை எடுத்து அம்மாவிடம் நீட்டினாள். லிஃப்ட்டக்கா நின்றபடியே படித்தார். அவருடைய பரிசோதனை அறிக்கையின் அமைப்பே அது: மேலே நாள், நேரம், இடம்; கீழே எண்ணிட்டு எழுதிய குறைகள்.

"ஒன்று. கணக்கு ஆசிரியர் பலகையைப் பார்த்துக்கொண்டே கேள்வி கேட்கிறார். யாரைக் கேட்கிறார் என்று தெரியவில்லை. இரண்டு. இரண்டாம் மாடிப் படியில் கைப்பிடி ஆடுகிறது. மூன்று. நூலகம் வாரத்தில் ஒருநாள்தான். சாப்பாட்டு நேரம்: நான் படிக்குக் கீழே போய் நின்று பார்த்தேன். நான்கு நிமிடத்தில் ஒரு பெண் வந்து, இங்கே ஏன் நிற்கிறாய் என்று கேட்டாள். அவர்கள் பெஞ்சில் ஆறு பேர் இருந்தார்கள். யாரும் சொல்லாமலே டப்பாக்களை நகர்த்தினார்கள். ஏழாவது ஆளுக்கு இடம் வந்தது. முடிவு: குறைகளுடன் இயக்கலாம்."

லிஃப்ட்டக்கா ஒருமுறை படித்தார். மேலிருந்து மறுமுறையும் படித்தார். "கைப்பிடி ஆடுறது என் கண்ணுல படலையே" என்று முணுமுணுத்தார். தாளைக் கணவரிடம் கொடுத்தபோது, சான்றிதழை நீட்டுவதுபோல் இரண்டு கைகளாலும் கொடுத்தார். கணவர் வாய்விட்டுப் படிக்கத் தொடங்கி, ஏழாவது ஆள் என்ற இடத்தில் நிறுத்திக்கொண்டார்.

மணி நான்கு முப்பத்தைந்து. பெரியவள் போய்ச் சிவப்பு அட்டையின் கயிற்றை ஆணியிலிருந்து தூக்கினாள். பாதி தூக்கியிருக்கும்போது லிஃப்ட்டக்காவின் விரல் வந்து அட்டையைத் தொடாமல், அதன் கடைசிக் கோட்டைச் சுட்டியது. கழற்றியவர் என்ற அந்தக் கோடு வெறுமையாக இருந்தது.

"அட, ஆமாம்ல" என்று பெரியவள் குனிந்து புத்தகப்பையில் பேனாவைத் தேடினாள். அவள் நிமிர்ந்தபோது லிஃப்ட்டக்கா தம் சட்டைப்பையிலிருந்து கறுப்புப் பேனாவை எடுத்து, மூடியைக் கழற்றி, பிடிக்கும் பக்கம் மகளை நோக்கியிருக்கும்படி நீட்டிக்கொண்டிருந்தார்.