ஒன்பதோடு முடிந்த புத்தகம்

திருவண்ணாமலை பெரியாஸ்பத்திரியில் பிரசவ வார்டு சந்திரகலா சிஸ்டரைத் தெரியாதவர்கள் கம்மி. வாய் அப்படி. வலி எடுத்த பெண்டாட்டியைத் தாமதமாகக் கூட்டி வருகிற புருஷன் எவனானாலும் சரி, வராந்தாவில் நிற்க வைத்து, நாலு பேர் காதில் விழுகிற மாதிரி, நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலக் கேட்பாள். அந்தக் கோபம் எங்கிருந்து வந்தது என்று அவளை யாரும் கேட்டதில்லை. அவளாகவும் சொன்னதில்லை. சொல்லாததையெல்லாம் நாவலாக எழுதி வைத்திருந்தாள்.

அவளுடைய அக்கா பாஞ்சாலையைக் கீழ்பென்னாத்தூர் ராஜமாணிக்கத்துக்குக் கட்டிக் கொடுத்திருந்தார்கள். வேர்க்கடலை வியாபாரி, கை நிறைய சம்பாத்தியம். முதல் பெண் எழிலுக்கு மூன்று வயது நடக்கும்போது பாஞ்சாலை மறுபடி மாசமாக இருந்தாள். ஒரு நாள் காலையில் அவளுக்கு உதிரம் போக ஆரம்பித்துவிட்டது. நர்ஸ் படிப்பு படித்துக்கொண்டிருந்த சந்திரகலா அன்றைக்கு லீவில் அங்கேதான் இருந்தாள். உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போக வேண்டும் என்று கதறினாள். வாசலில் வேன் நின்றது. ஆனால் அதில் மண்டிக்குப் போகிற வேர்க்கடலை மூட்டை ஏற்றியாகிவிட்டது.

"மண்டில ஏலம் ஆரம்பிச்சுடும் கலா. மல்லாட்டைய போட்டுட்டு இதே வேன்ல வந்து கூட்டிட்டுப் போறேன்" என்று சொல்லி ராஜமாணிக்கம் ஏறி உட்கார்ந்து போய்விட்டான். மத்தியானம் அவன் திரும்பி வந்தபோது பாஞ்சாலை இல்லை.

அவன் கொலைகாரனில்லை, அதைச் சந்திரகலாவே ஒப்புக்கொள்வாள். ஆனால் மறுநாளிலிருந்து அவன் ஊருக்குச் சொன்ன கதை இருக்கிறதே, அதைத்தான் அவளால் விழுங்க முடியவில்லை. "வலிய மறைச்சுட்டா. வீம்புக்காரி. என்கிட்ட ஒரு வார்த்த சொல்லல." எழில் அதைக் கேட்டே வளர்ந்தாள். பத்து வயதில் அந்தக் குழந்தையே, "எங்கம்மா வீம்பு புடிச்சு செத்துப்போச்சு சின்னம்மா" என்று சொன்னபோது சந்திரகலாவுக்குக் கையிலிருந்த சீப்பைத் தூக்கி எறியலாம் போலிருந்தது. உண்மையைச் சொன்னால் அடுத்த ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டு வாசற்படி ஏற முடியாது. பெண்ணைப் பார்க்க முடிகிறதே அந்த ஒரு ஞாயிற்றுக்கிழமையில்தான். வாயை மூடிக்கொண்டு பெண்ணுக்குத் தலை பின்னிவிட்டு வந்தாள். ஆஸ்பத்திரியில் அத்தனை வாய் பேசுகிறவள், அங்கே பேசவில்லை.

அப்படித்தான் நாவல் வந்தது. ஆட்கள் பெயரை மாற்றினாள், ஊர்ப் பெயரை மாற்றினாள். ஒன்பதாம் அத்தியாயத்தில் வருகிற வேனை மட்டும் மாற்றவில்லை.

சென்னையில் பேர்பெற்ற பதிப்பகம் ஒன்றுக்கு அனுப்பிவிட்டு, பதிலுக்குக் காத்துக் காத்து மூன்று தீபத் திருவிழா போனது. தொண்ணூற்று மூன்றில் ஒருவழியாகக் கூப்பிட்டார்கள். நேரில் போனாள். நல்ல மனிதர்தான் அந்த ஆசிரியர். காப்பி வாங்கிக் கொடுத்தார், பாராட்டினார். பிறகு சொன்னார்:

"ஒன்பதாவது மட்டும் வேணாம்மா. அது கதை இல்ல, சாட்சி சொல்ற மாதிரி இருக்கு. குடும்பத்துல படிக்கிறவங்க முகம் சுளிப்பாங்க. அதை எடுத்துட்டு, கடைசியில மனசு ஆற மாதிரி ஒண்ணு எழுதிக் குடுங்க. நாங்க போட்டா ஊர் ஊரா லைப்ரரிக்குப் போகும். நீங்களே அச்சடிச்சா உங்க கட்டிலுக்கு அடியிலதான் இருக்கும்."

அவர் சொன்னதில் பொய் இல்லை, அதுதான் கஷ்டம். ஊர் திரும்புகிற பஸ்ஸில் கையெழுத்துப் பிரதியை மடியில் வைத்துக்கொண்டு, செஞ்சி தாண்டும் வரை அவரை மனசுக்குள் திட்டிக்கொண்டே வந்தாள். திண்டிவனம் வரைக்கும் அழுதது தனி.

ஒன்பதை எடுக்கவில்லை. சொந்தக் காசில் தானே அச்சடிப்பது என்று முடிவு கட்டினாள். ஆனால் அவர் சொன்ன இன்னொன்று உள்ளே போய் உட்கார்ந்துகொண்டது. பத்தாவதாக ஒரு அத்தியாயம் எழுதினாள். அதில் தங்கைக்காரி அந்தப் புருஷனை மன்னித்து, "உங்க மேல தப்பு இல்ல மாமா" என்று சொல்லிக் கை கூப்புகிறாள். எட்டே பக்கம். புத்தகம் வெளிவந்தால் ராஜமாணிக்கம் குதிப்பான். இந்த எட்டுப் பக்கத்தைக் காட்டிச் சமாதானம் சொல்லலாம், எழிலைப் பார்க்கிற ஞாயிற்றுக்கிழமை தப்பிக்கும் என்பது கணக்கு.

தேரடித் தெருவுக்குப் பின்னால் சக்கரபாணி அச்சகம். சக்கரபாணி கல்யாணப் பத்திரிகையும் தீபத்துக்கு நோட்டீஸும் அடிக்கிறவர். நாவல் அடித்தது கிடையாது.

"அடிச்சுக் குடுக்கறது என் வேல. விக்கறது உங்க பாடு சிஸ்டர்" என்றார். இன்னொன்றும் சொன்னார். அவரிடம் இருந்த ஈய எழுத்து எட்டுப் பக்கத்துக்குத்தான் காணும். எட்டுப் பக்கத்துக்கு எழுத்தை ஒவ்வொன்றாக அடுக்கிக் கோப்பது, அடிப்பது, எழுத்தையெல்லாம் பிரித்து அறை அறையாகப் போட்டுவிட்டு அதே எழுத்தில் அடுத்த எட்டைக் கோப்பது. அடித்த தாள்கள் மலைக்கு அந்தப் பக்கம் இருக்கிற அடி அண்ணாமலைக்குப் போகும். அங்கே பைண்டர் வேடியப்பன் வீட்டில் மடித்து அடுக்கி வைப்பார்கள். முகூர்த்த நாள் வந்தால் நாவல் நிற்கும். முகூர்த்தம் முடிந்தால் நகரும். இப்படி ஆடி மாதம் ஆரம்பித்தது, கார்த்திகை தீபம் கழிந்தும் முடிந்தபாடில்லை.

வந்தது வினை. மை அப்பி வீணாகிற தாள்களை எடைக்குப் போடுவது அச்சகத்து வழக்கம். எடைக்குப் போன தாள் பொரிகடலைக் கடைக்குப் போகும். ஒன்பதாம் அத்தியாயத் தாளில் பொட்டலம் கட்டிக்கொண்டு யாரோ கீழ்பென்னாத்தூர் மண்டிக்குப் போயிருக்கிறார்கள். பொரியைத் தின்ற கணக்குப்பிள்ளை தாளைப் படித்தான். படித்துவிட்டுச் சும்மா இருந்தானா? "இன்னா அண்ணே, நம்ம வேன் மாதிரி இருக்குதே" என்று முதலாளி ராஜமாணிக்கம் கையிலேயே கொண்டுபோய்க் கொடுத்தான், மகராசன்.

தாள் வந்த வழியைக் கடை கடையாக விசாரித்துக்கொண்டு, மறுநாள் காலை ராஜமாணிக்கம் வார்டு வராந்தாவில் வந்து நின்றான். வெள்ளை வேட்டி, சந்தனப் பொட்டு. குரலை உயர்த்தவில்லை, அவன் அப்படி மெதுவாகப் பேசினால்தான் பயம்.

"பெரிய கம்பெனிக்காரன் எவனும் போடாத புக்க நீயே காசு குடுத்துப் போட்டுக்கறியாமே? இதெல்லாம் ஒரு பொழப்பா கலா?"

"மாமா, அதுல உங்க பேரே இல்ல."

"வேன் இருக்குதே. ஊரு குருடா? நாளைக்கு மத்தியானம் அந்த பிரஸ்ஸுக்கு வருவேன். வேன் கதைய எடுத்துட்டன்னு நீ சொல்லணும். இல்லன்னா எழில இனிமே நீ பாக்க முடியாது. ஹாஸ்டல்ல போட்டுடுவேன், எந்த ஊருன்னுகூட உனக்குத் தெரியாது."

சொன்னால் செய்கிறவன். அவன் போன கையோடு, ஆபீஸில் போன் வந்திருப்பதாக ஆள் வந்து கூப்பிட்டான். சென்னைப் பதிப்பகம். இந்த வருடப் பட்டியலில் ஒரு இடம் காலியாம். ஒன்பது இல்லாமல் தருவதாக இருந்தால் நாளைக்குள் சொல்ல வேண்டுமாம். சாமி, இதையும் இன்றைக்கேதான் அனுப்ப வேண்டுமா என்று அவளுக்குக் கோபம் கோபமாக வந்தது. ஒரே ஒரு "சரி" போதும். எழில் கிடைப்பாள், ராஜமாணிக்கம் அடங்குவான், ஊர் ஊராக லைப்ரரியில் அவள் பெயர் இருக்கும். பாஞ்சாலை மட்டும் வீம்புக்காரியாகவே இருந்துவிட்டுப் போவாள்.

"நாளைக்குச் சொல்றேங்க" என்று போனை வைத்தாள். அன்றைக்கு அவள் ஒரு புருஷனைக்கூட வராந்தாவில் நிற்க வைத்துத் திட்டவில்லை என்று ஆயாக்கள் பேசிக்கொண்டார்கள்.

மறுநாள் லீவு சொல்லிவிட்டு அச்சகத்துக்குப் போனபோது அவளிடம் இன்னும் முடிவு இல்லை. சக்கரபாணி பத்தாம் அத்தியாயத்தைத் தட்டில் கோத்து, நூல் கட்டி, மை தடவி ஒரு பிரதி எடுத்துப் பார்த்திருந்தார். "இதோட முடிஞ்சுது சிஸ்டர். திருத்தம் பாத்துக் குடுத்தா சாயங்காலம் அடிச்சுடலாம்" என்று தாளைக் கையில் கொடுத்தார். நின்றபடியே படித்தாள். 'உங்க மேல தப்பு இல்ல மாமா' என்ற வரி வந்ததும் நிறுத்தி, இன்னொரு தடவை படித்தாள். யார் எழுதியது இது? தன் கைதானா?

அப்போதுதான் ராஜமாணிக்கம் உள்ளே வந்தான்.

"இன்னா முடிவு பண்ண?"

அவள் கையிலிருந்த தாளை நாலாக மடித்தாள். வாயைத் திறந்தால் எந்த வார்த்தை வரும் என்று அவளுக்கே தெரியாது. அவன் பொறுக்காமல் சக்கரபாணி பக்கம் திரும்பினான்.

"யோவ், எதுய்யா அந்தப் புஸ்தகம்?"

"கோத்திருக்கறது இதுதாங்க" என்று சக்கரபாணி தட்டைக் காட்டினார். கேட்ட கேள்விக்குச் சரியான பதில்தான். ஆனால் அச்சகத்து நடைமுறை ராஜமாணிக்கத்துக்கு எங்கே தெரியும்? பொட்டலத்தில் பார்த்த வேன் கதை, ஏன் புத்தகம் முழுக்கவே, இதோ இந்த ஈயத்தில்தான் இருக்கிறது என்று நினைத்துவிட்டான். தட்டின் இரண்டு ஓரத்தையும் பிடித்தான்.

"சார், சார், அது வந்து..." சக்கரபாணி பதறிக்கொண்டு முன்னால் வந்தார். ஒன்பது எப்போதோ அடித்து அடி அண்ணாமலைக்குப் போயாகிவிட்டது, இது வேறு என்று சொல்லத்தான் வந்தார். சந்திரகலா அவர் கையைப் பிடித்து இழுத்தாள். அவர் திரும்பிப் பார்த்தார். 'வேண்டாம்' என்று தலையை ஆட்டினாள். அந்த ஒரு நொடியில் அவள் எல்லாவற்றையும் யோசித்துவிட்டாள்: எழில், ஞாயிற்றுக்கிழமை, ஹாஸ்டல், எல்லாம். ஆனாலும் பிடித்த கையை விடவில்லை.

தட்டு கவிழ்ந்தது. எழுத்தெல்லாம் சிமெண்டுத் தரையில் சிதறி, மிஷினுக்கு அடியில் ஓடி, சாக்கடை வாய் வரைக்கும் போனது. ராஜமாணிக்கம் உள்ளங்கையைப் பார்த்தான். கருப்பாக மை ஒட்டியிருந்தது. வேட்டியில் படாமல் கையைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு, "இத்தோட விட்டுடு கலா. உனக்கும் நல்லது" என்று சொல்லிவிட்டு வெளியே போனான்.

"ஐயோ, ஏன் சிஸ்டர் தடுத்தீங்க? அவர நல்லவரா எழுதினதத்தான் அந்த ஆளு கொட்டிட்டுப் போறாரு!" சக்கரபாணி தலையில் கை வைத்துக்கொண்டார். "சரி விடுங்க, எழுத்தப் பொறுக்கி மறுபடியும் கோத்துடலாம். பிரதி உங்ககிட்ட இருக்குல்ல?"

"வேணாங்க. ஒன்பதோட கட்டச் சொல்லிடுங்க" என்றாள். பக்கத்துப் போன் கடைக்குப் போய்ச் சென்னைக்கும் பேசினாள். முடியாது என்று சொல்ல அவளுக்கு ரொம்ப நேரம் ஆகவில்லை. பிறகு வந்து, தரையில் உட்கார்ந்து, அவரோடு சேர்ந்து எழுத்துப் பொறுக்கினாள்.

புத்தகம் தை மாதம் வந்தது. சென்னைக்காரர் சொன்னது பலித்தது. முக்கால்வாசி கட்டிலுக்கு அடியில்தான் கிடந்தது. மிச்சத்தில் சிலதை நர்ஸுகள் வாங்கினார்கள். பௌர்ணமிக்கு அடி அண்ணாமலையில் கற்பூரக் கடை போடுகிற வேடியப்பன் பெண்டாட்டி, கடை ஓரத்தில் பத்து வைத்து விற்றாள். அதில் ஒன்று, மலை சுற்ற வந்த ஒரு டீச்சர் கையில் கீழ்பென்னாத்தூர் போய், எழில் படிக்கிற பள்ளிக்கூடத்தில் பெஞ்சு பெஞ்சாகச் சுற்றியது. இதற்கிடையில் புத்தகம் வந்த சேதி ராஜமாணிக்கத்துக்கும் எட்டிவிட்டது. இரண்டு ஞாயிற்றுக்கிழமை சந்திரகலா போய் நின்றாள்; இரண்டு தடவையும் வீட்டுக் கதவு திறக்கவில்லை. புத்தகமாவது மண்ணாவது, பெண்ணைத் தொலைத்துவிட்டோமே என்று பஸ் ஸ்டாண்டில் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள்.

பங்குனி வெயிலில் ஒரு நாள் எழில் அவள் வீட்டுக்கு வந்து நின்றாள். பத்தாவது பரீட்சை முடிந்த கையோடு, ஒரு துணிப்பையில் நாலு உடுப்பு.

"சின்னம்மா, அம்மா வலிய மறைக்கலயா?"

"மறைக்கலடி கண்ணு. கத்தினா. தெருவுக்கே கேட்டுச்சு."

எழில் அங்கேயே உட்கார்ந்துவிட்டாள். திரும்பிப் போகவில்லை.

ஒரு வாரம் கழித்து ராஜமாணிக்கம் வந்தான். சத்தம் போடவில்லை. பொட்டில்லாத நெற்றி, சவரம் செய்யாத முகம். அச்சகத்துக்குப் போய்ச் சக்கரபாணியைப் பிடித்து உலுக்கியதில் அவர் எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார்.

"நான் கொட்டினதுல என்ன மன்னிச்சு எழுதியிருந்தியாமே கலா. அந்த பிரதி உன்கிட்டதான் இருக்காம். அத எழில்கிட்ட குடு. அவ படிக்கட்டும். நான் வேற ஒண்ணும் கேக்கல."

பிரதி உள்ளே பீரோவில்தான் இருந்தது. சந்திரகலாவுக்கு அவனைப் பார்க்க ஒரு கணம் பாவமாகக்கூட இருந்தது. ஆனாலும் சொன்னாள்:

"அது மன்னிச்சு எழுதினது இல்ல மாமா. எழில நீங்க என் கண்ணுல காட்டணுமேன்னு எழுதினது. அதுதான் அவளே வந்துட்டாளே."

பேச்சுக் கேட்டு எழில் வாசலுக்கு வந்தாள். ஓடி வந்து கட்டிக்கொள்வாள் என்றோ, கத்துவாள் என்றோ அவன் எதிர்பார்த்திருக்க வேண்டும். அவள் இரண்டும் செய்யவில்லை. நிலையைப் பிடித்துக்கொண்டு நின்று ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அன்னிக்கு வாசல்லயே மூட்டைய எறக்க எவ்ளோ நேரம்பா ஆயிருக்கும்?"

இருபது வருஷமாக மண்டியில் ஏற்றி இறக்குகிறவன். எத்தனை மூட்டைக்கு எத்தனை ஆள், எவ்வளவு நேரம் என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வான். விரல் விட்டு எண்ண ஆரம்பித்தவன் பாதியில் கையை மடக்கிக்கொண்டான். சந்திரகலா உள்ளே போய் ஒரு சொம்பு தண்ணீர் கொண்டு வந்து கொடுத்தாள். அவன் வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, குடிக்காமல் அங்கேயே நின்றான்.