போர்வைக்குள் இடது கை

மனைவி அடுப்படிக்குப் போனாளோ இல்லையோ, பறக்கும் படை வாத்தியார் இடது கையால் மரக்குச்சிகளை மளமளவென்று எடுத்துத் துளைப் பலகையில் செருகிவிடுகிறார். பயிற்சிப்படி செருக வேண்டியது வலது கை. பக்கவாதம் வந்ததிலிருந்து அது, யாரோ மறந்து வைத்துவிட்டுப் போன பை மாதிரி மடியில் கிடக்கிறது. அவள் திரும்பி வரும்போது பலகை நிறைந்திருக்கும். வலது கையும் உழைத்துக் களைத்த பாவனையில் பலகையின் ஓரத்தில் எடுத்து வைக்கப்பட்டிருக்கும்.

"முடிச்சாச்சு. அடுத்தது என்ன?" என்பார்.

பறக்கும் படை ஓய்வு பெற்ற வாத்தியார். பாடம் நடத்தி வாங்கிய பெயர் குறைவு. தேர்வறையில் பிட் பிடித்து வாங்கியதுதான் அதிகம். பட்டப்பெயரும் பிள்ளைகள் வைத்ததே. ரப்பர் செருப்பில் சத்தமில்லாமல் பின்னால் வந்து நிற்பார். "ரெண்டு கையும் மேசை மேல வை" என்றால், ஒன்றும் செய்யாத பையனும் பேனாவைக் கீழே போட்டுவிடுவான். "என் கண்ணுல மண்ணைத் தூவ ஒருத்தன் இனிமேதான் பொறக்கணும்" என்று இன்றைக்கும் பெருமையடித்துக்கொள்கிறார். அந்த ஒருத்தன் அவர் சட்டைக்குள்ளேயே உட்கார்ந்திருப்பது அவருக்குத் தெரியாது.

யாராவது பார்க்க வந்தால், இடது கை வலது கையைத் தூக்கிச் சட்டைப் பைக்குள் போட்டுவிடும். "தொண்ணூறு சதவீதம் வந்தாச்சு" என்று அளப்பார். அந்தத் தொண்ணூறு சதவீதத்துக்குப் பொத்தான் மாட்டுவதும் முதுகு தேய்ப்பதும் மனைவி. பொத்தான் மாட்டும்போது மோவாயைத் தூக்கிக்கொண்டு, ஏதோ அவளுக்கு வேலை கொடுத்து வாழவைப்பவர் போல நிற்பார். அவளுக்குத் தோள்பட்டை போய்விட்டது. அந்தக் கை பிழைத்தால்தான் தனக்கும் பிழைப்பு என்று அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பெரிய ஆஸ்பத்திரியில் மூளையைப் படம் எடுத்து ஆராய்கிற டாக்டரம்மா ஒருத்தி இருக்கிறாள். குழாய் மாதிரியான ஸ்கேன் மெஷினுக்குள் தலையை விட்டுப் படுத்துக்கொண்டு, சொல்லும்போது வலது கையை மூடித் திறக்க வேண்டும். முடியாவிட்டால் முயற்சி செய்தாலே போதும். மூளையில் எந்த இடம் வேலை செய்கிறதோ அது படத்தில் சிவப்பாகத் தெரியும். கைக்குப் போகிற வழி மிச்சமிருக்கிறதா என்று பார்த்து, அதற்கேற்ற பயிற்சியைத் தொடங்குவார்கள். பறக்கும் படை இதைப் பரீட்சை என்று எடுத்துக்கொண்டார். பரீட்சை என்றால் பாஸாக வேண்டும்.

படத்தைப் பார்க்கப் போன அன்று அவருக்கு ஒரே பூரிப்பு. "பாத்தீங்களா டாக்டர், எப்படிச் செவந்திருக்கு."

"செவந்திருக்குங்க ஐயா. ஆனா தப்பான பக்கம். வலது கைக்கு முக்கியமா வேலை செய்யறது இடது மூளை. சில பேருக்கு வலது மூளையும் கொஞ்சம் ஒத்தாசை பண்ணும். இது ஒத்தாசை இல்லை. நல்லா இருக்கற இடது கையை ஆட்டினா வர்ற படம்."

"மெஷின்ல ஏதாவது கோளாறு இருக்கும்."

பிட்டோடு பிடிபட்ட பையன்கள் காற்றில் பறந்து வந்தது சார் என்பார்களே, அதே முகம். ஸ்கேனில் போர்த்திவிட்ட போர்வைக்குள் இடது கை என்ன செய்துகொண்டிருந்தது என்று கூட வந்த மனைவிக்கு உடனே புரிந்துவிட்டது. மரக்குச்சிப் பலகை எப்படி நிறைந்தது என்பதும் சேர்ந்தே புரிந்தது. அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

"இன்னொரு தடவை எடுக்கலாம்," என்றாள் டாக்டரம்மா. "அதுவும் இப்படி வந்தா உங்களைப் பயிற்சியில சேர்த்துக்க முடியாது. அந்த இடத்துக்கு நிறையப் பேர் காத்திருக்காங்க."

வெளியே வந்ததும் மனைவி கேட்டாள்: "அந்தம்மா மார்க்கா போடறாங்க? யாரை ஏமாத்தறீங்க நீங்க?"

"பழக்கத்துல அதுவா ஆடியிருக்கும்."

"இந்தத் தடவை ஆடாது."

டாக்டரம்மாவிடம் கேட்டு அவளும் ஸ்கேன் அறைக்குள் போனாள். வளையல், தோடு, கொண்டை ஊசி எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டு, காதை அடைத்துக்கொண்டு மெஷின் ஓரத்தில் உட்கார்ந்தாள். போர்வையை உருவி எறிந்தாள். வலது கையை அவர் வயிற்றின் மேல் வைத்துவிட்டு, இடது கையைத் தன் இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டாள். மெஷின் தடதடவென்று இரைய ஆரம்பித்தது. இடது கை நெளிந்தது, நைசாக நழுவப் பார்த்தது, கெஞ்சவும் செய்தது. அவள் விடவில்லை. போக வழியில்லாமல் அது ஓய்ந்து அடங்கியது.

வெகு நேரம் ஒன்றும் நடக்கவில்லை. அவள் அந்த வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்போது அதன் கட்டைவிரல், வேண்டா வெறுப்பாக, கொஞ்சம் உள்ளே மடிந்தது. மறு நொடியே இடது கை அவள் உள்ளங்கையைச் சுரண்டியது, பார்த்தாயா பார்த்தாயா என்று. படம் மறுபடி கெட்டுவிடப் போகிறதே என்று அதன் மேல் பட்டென்று ஒன்று போட்டுவிட்டு, அவள் முன்னைவிட இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.